கழற்றி மாட்டுகிறவள்

எங்கள் வீட்டில் அம்மா சைக்கிள் ஓட்டுவதை யாரும் தடுக்கவில்லை. வண்டியின் ஃப்ரீவீல் தேய்ந்துபோய், மிதித்தால் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்தது. கடைக்குக் கொண்டுபோக அப்பாவுக்கு நேரமில்லை, அண்ணனுக்கு நினைவில்லை. சில மாதம் சுவரில் சாய்ந்து நின்ற வண்டியில் பிறகு ஈரத்துணி காயப்போட்டோம். அம்மா மறுபடி பேருந்துக்குக் காத்திருக்கத் தொடங்கினார். ஒரு பெண்ணின் நடமாட்டத்தை நிறுத்தத் தடை போட வேண்டியதில்லை, பழுது பார்க்காமல் விட்டாலே போதும்.

அம்மா சைக்கிள் கற்றது 90களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில். அறிவொளி இயக்கம் அங்கே, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுசேர்த்தது. லேடீஸ் சைக்கிள் போதாதபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. தங்கள் வாழ்க்கைக்கு எந்த வண்டி தோது என்று அவர்களே பார்த்து எடுத்த முடிவு அது. எங்கள் அம்மா கையில் ஹேண்டில்பார் வந்தது, ஸ்பேனர் வரவில்லை.

இப்போது நான் ஒரு பழைய இரும்பு ஃபிரேமை வைத்துக்கொண்டு, புதுக்கோட்டையிலிருந்து கொல்லிமலைக்குப் போய்வர ஒரு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். கடையில் சாமான் கேட்டால், “யாரு ஓட்டுறதுக்கு?” என்கிறார்கள். நான்தான் என்றதும் அடுத்த கேள்வி, “கூட யாரு வர்றாங்க?” எனக்கு இருப்பது வேறு இரண்டு கேள்விகள். நடுவழியில் இது போனால் நானே கழற்றி மாட்ட முடியுமா? முடியாவிட்டால், போகிற வழியில் உள்ள சின்ன ஊரில் இது கிடைக்குமா?

அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபிக்கும் இதே கவலை இருந்திருக்கிறது. பத்து வயதில் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவதென்று முடிவு செய்தவர் அவர். பல ஆண்டுகள் நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டு, தாய் இறந்தபின் 1963இல், 31 வயதில்தான் தனியாகக் கிளம்ப முடிந்தது. கிளம்புமுன் வண்டியிலிருந்த மூன்று கியர் அமைப்பைக் கழற்றிவிட்டார், அந்தச் சாலைகளில் அது தாங்காதென்று. மாற்று டயர்களை வழியிலுள்ள நகரங்களுக்கு முன்னதாகவே அனுப்பிவைத்தார்.

நான் கியரைக் கழற்றப்போவதில்லை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடும். சமதளத்துக்குச் சரி, மூட்டையோடு மலை ஏற ஆகாது. முன்னால் 28, பின்னால் 34 என்றால் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே நகரும். வேகம் போகும், முழங்கால் பிழைக்கும். ஆனால் கியர் மாற்றும் லிவர் பழைய வகைதான், ‘க்ளிக்’ என்று படிப்படியாக விழாமல் உராய்வில் நிற்பது. கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் லிவரைச் சற்றே நகர்த்திச் சரிசெய்து ஓட்டிவிடலாம்.

டயர் 26 அங்குலம். அப்படிச் சொல்லி வாங்கினால் மட்டும் போதாது. லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ., மலைச் சைக்கிளின் 26 × 1.95 டயருக்கு 559 மி.மீ. ஒன்று மற்றதில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு 559. பின்சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ் கம்பி. ஒன்று அறுந்தாலும் மிச்சம் 35 தாங்கும். பெரும்பாலும் அறுவது பின்சக்கரத்தில் செயின் பக்கக் கம்பி, அதை மாற்ற ஃப்ரீவீலைக் கழற்றியாக வேண்டும். அதற்கான கருவி கைக்குள் அடங்கும், பையில் போட்டிருக்கிறேன். அதைத் திருப்புகிற பெரிய ஸ்பேனரை எந்த லாரி ஒர்க்‌ஷாப்பிலும் இரவல் கேட்கலாம். கேரியர் அலுமினியம் அல்ல, இரும்பு. முறிந்தால் வெல்டிங் கடை போதும்.

மிச்சமிருப்பது என் உடம்பு. உயரம் 152 செ.மீ. ‘லேடீஸ் மாடல்’ என்று கடையில் காட்டுவது ரோஸ் பெயிண்டும் முன்கூடையும். அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜீனா டெர்ரி 1985இல் பெண்களுக்கான சைக்கிள் நிறுவனம் தொடங்கியபோது பெயிண்டை நம்பவில்லை, ஃபிரேமையே மாற்றினார். குட்டையான பெண்ணுக்கு ஹேண்டில்பார் எட்டவேண்டும் என்பதற்காக முன்சக்கரத்தை 24 அங்குலமாகச் சிறிதாக்கினார். எனக்கு இரண்டு அளவு டியூப் சுமக்க மனமில்லை. அதனால் குட்டையான ஸ்டெம்மும் பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பாரும். பிரேக் லிவரில் ஒரு சின்னத் திருகு உண்டு, அதை முடுக்கினால் லிவர் விரலுக்கு அருகில் வரும். சீட்டுக்கு, அட்டைப்பெட்டி அட்டைமேல் உட்கார்ந்து எழுந்து, இரண்டு எலும்பும் பதிந்த குழிகளின் இடைவெளியை அளந்தேன். அந்த அகலத்தைத் தாங்கும் சீட்டைத்தான் தேடுகிறேன், அதன்மேல் எந்தப் பால் எழுதியிருந்தாலும் சரி.

கல்லூரிக்குச் சைக்கிளில் போகிற தங்கைகளுக்கு ஒன்று. அடுத்தமுறை பஞ்சர் ஒட்டக் கொடுத்தால் தள்ளி நின்று போனைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நெம்புவது ஏன் என்று கேளுங்கள். பாதியில் வாங்கி நீங்களே மாட்டிப் பாருங்கள். கையில் கறுப்பு ஒட்டும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும்.