ஒன்றும் ஏழும்

கையெழுத்துச் சரியில்லாத ஒருவன் கையெழுத்தைப் பற்றி எழுத முன்வருவது வேடிக்கையாகத் தோன்றலாம். நான் புகைவண்டி நிலையத்தில் ஒரு குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். எனினும், இவ்வொரு விஷயத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நான் பட்ட வெட்கத்தையும், அண்மையில் அடைந்த சிறு தேர்ச்சியையும் நம்மவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டபோது நான் சிறுவன். அதன் பின்னர் எங்கள் லைன் வீடுகளில் விண்ணப்பம் எழுதும் காலம் வந்தது. சேரவேண்டிய தொகைக்கு ஒரு தாள், குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு தாள், வைத்தியத்துக்கு ஒரு தாள். பாறையைத் துளைத்துப் பழகிய கைகளுக்குப் பேனா பிடிபடவில்லை. ஆதலால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளே அந்த வரிசைக்கெல்லாம் எழுத்தர்கள் ஆனோம்.

எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன். காலஞ்சென்ற அவர் கணவரின் பணி எண்ணில் ஒன்று என்னும் இலக்கம் இரண்டு இடங்களில் வந்தது. ஒன்றின் தலையில் நீண்ட கொக்கி ஒன்றை இட்டு எழுதுவது என் வழக்கம். அதை அழகென்றே எண்ணியிருந்தேன். மூன்று மாதங்கள் கழித்து, அந்த எண்ணில் எவரும் வேலை செய்ததில்லை என்ற குறிப்போடு தாள் திரும்பி வந்தது. என் ஒன்றை அங்கிருந்தவர்கள் ஏழு என்று படித்திருந்தார்கள். மறுபடியும் எழுதி, மறுபடியும் காத்திருந்து, பணம் கைக்கு வருமுன் அத்தை தம் மகளின் கம்மலை அடகு வைத்துவிட்டார். "உன் எழுத்துக்கு என்னடா கண்ணு குறை? பாத்தவங்க கண்ணுதான் சரியில்லை" என்று அவர் என்னைத் தேற்றினார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

வேலைக்கு வந்த பின்பும் கொக்கி போகவில்லை. பயணச்சீட்டைக் கணிப்பொறி அச்சிடுகிறது என்றாலும் கையால் நிரப்பும் பதிவேடுகள் ஒழிந்துவிடவில்லை. என்னோடு பணிபுரியும் ஒரு கன்னட நண்பர், என்னினும் மூத்தவர், ஒருநாள் என் பதிவேட்டைப் பார்த்து, "தம்பி, இது ஒன்றா, ஏழா?" என்று கேட்டார். என் முகம் வெளுத்ததைக் கண்டு காரணம் வினவினார். மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்குச் செல்லும் வண்டியில் உட்கார்ந்து, அத்தையின் கதையை அவருக்குச் சொன்னேன். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கத்துக்காகவே போடப்பட்ட பாதையின் நிலையங்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்தன. சயனைடு மேடுகளைப் பார்த்தபடியே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு கோடிட்ட நோட்டையும், தம் தந்தையாரின் பழைய ஊற்றுப்பேனாவையும் கொண்டுவந்தார்.

அது இராஜமுந்திரியில் செய்யப்பட்ட கறுப்பு எபோனைட் பேனா. 1930-களில் சுதேசி உணர்ச்சியில் பிறந்த தொழில் அது. அதே உணர்ச்சியில் 1934-இல் வங்காளத்தில் 'சுலேகா' மையும் தோன்றியது. அப்பெயருக்கு நல்லெழுத்து என்றே பொருள். உயர்ந்த பேனாக்களின் முள் பொன்னால் ஆனது. மையிலுள்ள அமிலம் பொன்னை அரிக்காது என்பதே காரணம். நாலு தலைமுறையாகப் பொன் எடுத்த எங்கள் வரிசையில் பொன்முள் பேனா வைத்திருந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. நண்பர் தந்ததும் எஃகு முள்தான்.

பந்துமுனைப் பேனாவை அழுத்த வேண்டும். கார்பன் தாள் வைத்து ரசீது எழுத அதுவே உதவும். அலுவலில் அதை விட முடியாது. ஊற்றுப்பேனாவோ தன் கனத்திலேயே எழுதும். அழுத்தினால் முள் பிளக்கும். தவறாகச் சாய்த்தால் மை இறங்காது. ஆகவே கை தானே திருந்துகிறது. தமிழெழுத்துக்குச் சன்னமான முள்ளே ஏற்றது. தடித்த முள்ளில் 'ண'வின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகும்.

நோட்டில் நாளுக்கொரு பக்கம் எழுதி மாற்றிக்கொள்வது என்பது எங்கள் ஏற்பாடு. நான் தமிழும் அவர் கன்னடமும் நீல மையில் எழுதுவோம். பார்த்தவுடன் விளங்காத எழுத்தைப் படிப்பவர் சிவப்பில் சுற்ற வேண்டும். நன்றாக அமைந்த எழுத்து ஒன்றுக்குப் பச்சையில் கோடிட வேண்டும். பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு உரியது என்ற மரியாதை அலுவலகங்களில் உண்டு. அந்தப் பெருமையை நாங்கள் இலவசமாக அனுபவித்தோம்!

தமிழ் நன்கறிந்தவர் என் பிழைகளைக் காணவில்லை. அவர் சொல்லை ஊகித்துக்கொண்டு ஓடிவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் இந்தக் கன்னடரே என் 'ர'வும் துணைக்காலும் ஒன்றாயிருப்பதையும், என் 'ப' 'ய'வாகத் திரிவதையும் கண்டுபிடித்தார். அவருடைய 'வ'வும் 'ப'வும் எனக்கு வேறுபடவில்லை. நானும் தாராளமாகச் சுற்றினேன்.

பிறர் கண்ணுக்காக எழுத்தைத் திருத்துவது நமக்குப் புதிதன்று. ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டெழுதிய காலத்தில் எகரம் எது, ஏகாரம் எது என்று தடுமாற்றம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவற்றின் வடிவை வேறுபடுத்தினார். அவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றவர்; எழுத்துக்கூட்டிப் படித்த கண் அவருக்கும் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்துகளை ஏற்றது. என் தந்தையார் ஊருக்கு எழுதிய கடிதங்களில் துதிக்கை வளைந்த பழைய 'லை'யே இருக்கிறது. என் மகள் அதைக் கண்டு, "அப்பா, இது என்ன யானையா?" என்று கேட்டாள். அவளும் இப்போது எங்கள் நோட்டில் பங்காளி. ஊதா மைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

மையைப் பற்றி ஒரு வார்த்தை. கழுவினால் போகும் நீலம் பிள்ளைகளின் சட்டைக்கு நல்லது, விண்ணப்பத்துக்கு ஆகாது. மழைத்துளி ஒன்று போதும், பெயரே கரைந்துவிடும். சிவப்பு வெயிலில் வெளுக்கும். இரும்புச்சத்துள்ள நீலக்கறுப்பு மை எழுதிய பின் காகிதத்திலேயே கறுத்து நிலைக்கும். ஆனால் பேனாவில் வண்டல் விடும். வாரம் ஒருமுறை பேனாவை வெறும் தண்ணீரில் அலசவேண்டும். இருவகை மைகளை ஒரு பேனாவில் கலக்கவே கூடாது. கலந்து ஒரு பேனாவைக் கெடுத்தவன் சொல்கிறேன்.

சென்ற மாதம் அத்தை ஒரு படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். உதவித்தொகைக்கான கன்னடப் படிவம். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று நான் தயங்கினேன். "நீதான் எழுதணும், கண்ணு" என்றார். நீலக்கறுப்பு மையில் கன்னடத்தில் பெயரும் முகவரியும் எழுதினேன். கணக்கு எண்ணில் ஒன்று மூன்று இடங்களில் வந்தது. கொக்கியில்லாமல் நேர்கோடாக இழுத்தேன். மறுநாள் வண்டியில் நண்பரிடம் நீட்டி, எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் ஓரிடத்திலும் நில்லாமல் படித்து முடித்தார். பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முகவரியிலிருந்த ஒரு 'வ'வைச் சுற்றப் போனார். படிவம் என்ற நினைவு வந்ததும் சிரித்துவிட்டு மூடியைத் திருகிக்கொண்டார்.