ரசம் போன ஆடி

'ரசம் போன கண்ணாடி' என்று இன்றும் நம் இல்லங்களில் வழங்குகிறோம். வெள்ளீயத் தகட்டில் பாதரசம் பரப்பிக் கண்ணாடிக்குப் பின்புறம் ஒட்டிய காலம் மறைந்து நெடுநாளாயிற்று. சொல் மட்டும் மறையவில்லை. எம் கல்லூரியின் ஆறு அங்குலத் தொலைநோக்கியின் ஆடி மங்கியபோதும் மாணவர்கள், "ரசம் போயிற்று ஐயா" என்றே கூறினர். உண்மையில் அதில் பூசப்பெற்றிருந்தது அலுமினியம்.

வளைந்த ஆடியில் ஒளி எவ்விடத்துப் பட்டுத் திரும்பும் என்னும் சிக்கலைப் பதினோராம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில் ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நியூட்டன் 1668இல் அமைத்த தொலைநோக்கியின் ஆடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலானது. அது கறுத்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். தேய்த்தால் வளைவு கெடும். 1850களில் ஸ்டைன்ஹைலும் ஃபூக்கோவும் கண்ணாடியையே வளைவாகத் தேய்த்து அதன் முகப்பில் வெள்ளி படியச் செய்தனர். படலம் கெட்டால் கரைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம், வளைவுக்குப் பழுதில்லை. பிட்ஸ்பர்க் நகரின் ஆலைத் தொழிலாளி பிராஷியர், வெள்ளி பூசும்போது தம் ஆடி வெடித்துப் போன பின்னர் வேறொரு முறையைக் கண்டு, அதனை 1880இல் இதழொன்றில் எல்லார்க்கும் வெளியிட்டார். அவரை எமக்கு மிகவும் பிடிக்கும்.

1930களில் வெற்றிடக் கலனில் அலுமினியம் பூசும் முறை வந்தது. அது பல்லாண்டு நிற்கும். ஆயின் அதற்குரிய கலன் நம்மிடம் ஏது? வெளியூருக்கு அனுப்பிப் பெறும் செலவைக் கேட்ட அலுவலகத்தார், அக்கருவியைப் பழம்பொருள் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றனர். வேதியியல் துறை நண்பர்தாம் ஒரு கணக்கிட்டுக் காட்டினார். தேவையான படலத்தின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஆறு அங்குல ஆடிக்கு அது சுமார் 20 மில்லிகிராம் வெள்ளி. பொற்கொல்லர் வழக்கிற் சொன்னால் ஒரு குன்றிமணி எடையில் ஆறிலொரு பங்கு! பூசும்போது பெரும்பகுதி வீணாகும் என்றாலும், சில கிராம் வெள்ளி நைட்ரேட்டே போதும் என்றார்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை எனலாம். ஆங்கிலச் செய்முறையைத் தமிழ்வழி பயின்று வந்த மாணவர்கள் தயங்கித் தயங்கிப் படித்தனர். ஒரு சொல் பிறழ்ந்தாலும் கேடு விளையும் பணி இது. ஆகவே நாம் நண்பருடன் அமர்ந்து அதனைத் தமிழில் எழுதினோம். வீழ்படிவு, ஒடுக்கி என்பன அவர்கள் பள்ளியிலேயே அறிந்த சொற்கள்தாமே.

பழைய அலுமினியத்தை மின்னணுக் கடைகளில் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல் அகற்றிவிடும். பின்னர்க் கண்ணாடியைத் தூய்மை செய்வதுதான் முக்காற் பங்கு வேலை. காய்ச்சி வடித்த நீரில் வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்து அம்மோனியாவைத் துளித்துளியாகச் சேர்த்தால் பழுப்பு வீழ்படிவு தோன்றி, மேலும் சேர்க்கக் கரையும். எரிகாரம் சேர்க்க மீண்டும் பழுப்பாகும். மீண்டும் அம்மோனியா தெளிவிக்கும். இறுதியில் குளுக்கோஸ் கரைசல் ஒடுக்கியாகிறது. சில நிமிடங்களில் ஆடி ஒளிர்கிறது.

ஒன்றை மட்டும் சிவப்பு மையில் எழுதினோம்: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை ஒருபோதும் எடுத்து வைக்கலாகாது. நாள்பட்டால் தொட்டாலே வெடிக்கும் பொருள் அதில் விளையும். அவ்வப்போது கலந்து, எஞ்சியதை உடனே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமிட்டு அழித்துவிட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணியாதவர் ஆய்வுக்கூடத்துக்குள் வரலாகாது என்று நண்பர் வாயிலிலேயே நின்றுவிட்டார்.

முதல் முயற்சியில் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளி பிடிக்கவில்லை. யாரோ தொட்ட எண்ணெய்ப் பசை. நைட்ரிக் அமிலத்தால் கரைத்து மறுநாள் மீண்டும் பூசினர்.

மஃரிபுக்குப் பின் மாடியில் வளர்பிறையைக் காட்டினர். ஆண்டுதோறும் பிறை தேடிப் பழகிய பெரியவர் ஒருவர் நெடுநேரம் குனிந்து நோக்கி, "இத்தனை பள்ளமா?" என்றார், வரிசையில் நின்ற பேரனை மறந்தே போனார்.

வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். ஆறு திங்கள் ஆயின. ஓரத்தில் இளமஞ்சள் தோன்றியிருக்கிறது. அடுத்த பூச்சுக்கான வெள்ளி நைட்ரேட் வாங்கியாயிற்று. செய்முறைக் குறிப்பேட்டின் படியொன்று துறை நூலகத்தில் உள்ளது.