நாலு கம்பி... ஒரு கையெழுத்து!

கச்சேரிக்கு வர்ற நூறு பேர்ல தொண்ணூத்தஞ்சு பேர் பாடகரைப் பார்ப்பாங்க. நாலு பேர் லீட் கிடார்காரரைப் பார்ப்பாங்க. மிச்சம் இருக்கிற அந்த ஒருத்தர் மட்டும், டிரம்ஸ் ஓரமா சத்தமில்லாம நின்னு நாலு கம்பியைத் தட்டிக்கிட்டிருக்கிற ஆளையே பார்த்துக்கிட்டிருப்பார். அந்த ஒருத்தர் நீங்கன்னா, கை குடுங்க பாஸ்... நீங்க நம்ம கட்சி!

பேஸ் கிடார்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன பரீட்சை. 'மூடுபனி' (1980) படத்துல வர்ற 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை நல்ல ஹெட்போன்ல கேளுங்க. குரலை விட்டுடுங்க. அடியில தனியா ஒரு மெட்டு நடந்து போகும் பாருங்க... அதுதான் பேஸ். ஒருமுறை காதுல விழுந்துட்டா அப்புறம் இளையராஜா பாட்டு எதையும் பழைய மாதிரி கேட்க முடியாது. ரஹ்மான் பாட்டுல கீத் பீட்டர்ஸைத் தேட ஆரம்பிப்பீங்க. அடுத்து மோகினி டே வீடியோ. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து கிடார் விலை பார்ப்பீங்க. அங்கதான் ஆபத்து ஆரம்பம்!

ஏன்னா, அங்க ரெண்டு வார்த்தை வலை விரிச்சு வச்சிருக்கும். ஒண்ணு 'சிக்னேச்சர்', இன்னொண்ணு 'லிமிடெட் எடிஷன்'. ரெண்டும் ஒண்ணு இல்லை. பிரபலமான ஒரு கலைஞர் தன் கைக்கும் காதுக்கும் ஏத்த மாதிரி கேட்டு வாங்கின அமைப்பை, கம்பெனி அவர் பேர் போட்டு விற்கிறது சிக்னேச்சர். அது ஆயிரக்கணக்குல கூட வரலாம். 'இத்தனைதான் செய்வோம், அதோட நிறுத்திடுவோம்'னு எண்ணிக்கை போட்டு விற்கிறது லிமிடெட் எடிஷன். ரெண்டும் ஒரே கிடார்ல சேர்ந்தா விலை மாடி ஏறி மொட்டை மாடிக்கே போயிடும்.

உதாரணம் வேணுமா? 2007-ல பெங்களூர்ல வாசிச்ச அயர்ன் மெய்டன் குழுவோட ஸ்டீவ் ஹாரிஸ் பேர்ல ஃபெண்டர் ஒரு பேஸ் விட்டுச்சு. வெள்ளை உடம்புல அவருக்குப் பிடிச்ச வெஸ்ட் ஹாம் ஃபுட்பால் கிளப் சின்னம்! இன்னொண்ணு ஜாக்கோ பாஸ்டோரியஸ் பேஸ். 1962-ஆம் வருஷத்து ஜாஸ் பேஸ் ஒண்ணுல இருந்த ஃப்ரெட் கம்பிகளை எல்லாம் எடுத்துட்டு, மேல எபாக்சி பூசி, வீணையும் இல்லாத வயலினும் இல்லாத ஒரு குரலை அதுல இருந்து வரவழைச்சார் மனுஷன். அது 1986-ல நியூயார்க்ல திருடு போச்சு. அடுத்த வருஷம் அவரும் போயிட்டார். இருபது வருஷம் கழிச்சுக் கிடைச்சப்போ, மெட்டாலிகாவோட ராபர்ட் ட்ருஹியோ பணம் போட்டு மீட்க உதவினார்.

அந்தக் கிடார்ல இருந்த கீறல், பெயின்ட் உரிஞ்ச இடம் எல்லாத்தையும் அப்படியே காப்பியடிச்சுப் புது கிடார்ல கொண்டு வந்து, அதுக்குக் கூடுதல் விலை வைக்கிறாங்க. 'ரெலிக்'னு பேர். நம்ம ஊர் காந்தி ரோடுல, கரையும் கிழிசலுமா ஒரு புதுப் பட்டுப்புடவையைக் காட்டி 'இது எக்ஸ்ட்ரா ஐயாயிரம்மா'ன்னு சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

ஆமாங்க, நமக்கு ஊர் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையம். வீட்டுல தறி. அதனால இந்த லிமிடெட் எடிஷன் எல்லாம் எங்களுக்குப் புதுசு இல்லை. ரவிவர்மா ஓவியங்களை நெய்து, 2008-ல கிட்டத்தட்ட 39 லட்ச ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை வித்து கின்னஸ்ல ஏறின கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். முந்தானையில இசைக்கருவி வாசிக்கிற பெண்கள். பேஸ் கிடார் மட்டும்தான் மிஸ்ஸிங்!

ஒருநாள் அப்பாகிட்ட ஒரு சிக்னேச்சர் பேஸ் படத்தைக் காட்டினேன். லட்ச ரூபாயைத் தாண்டின விலை. அவர் விலையைப் பத்தி வாயே திறக்கலை. தலைப்பகுதியில இருந்த கையெழுத்தைக் காட்டி, "இவருதான் செஞ்சாரா?"ன்னார்.

"இல்லப்பா, இவரு வாசிக்கிறவரு. செஞ்சது கம்பெனி."

"கம்பெனியில ஒரு ஆளு செஞ்சிருப்பான்ல? அவன் பேரு எங்க?"

என்கிட்ட பதில் இல்லை. ஆனா அந்தக் கேள்வி என் பைத்தியத்தையே வேற பக்கம் திருப்பிடுச்சு. தேடிப் படிச்சேன். ஃபெண்டர் மாதிரி கம்பெனிகளோட கஸ்டம் ஷாப்ல, 'மாஸ்டர் பில்டர்'னு சொல்ற கைதேர்ந்த ஆசாரிகள் செய்ற கிடார்ல அவங்க பேர் இருக்கு. அந்தப் பேருக்காகவே காத்திருந்து வாங்குற ஆட்கள் இருக்காங்க. எங்க தெருவுல, உடம்பு ஒரு நிறம் கரை ஒரு நிறம்னு மூணு நாடா போட்டு, ரெண்டு ஆள் உட்கார்ந்து கோர்வை வாங்குறாங்களே... அந்தப் புடவையில கடை பேர் இருக்கும். 2005-லேர்ந்து காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அதனால ஊர் பேருக்கும் மரியாதை உண்டு. நெய்தவர் பேர்? தேடித்தான் பாருங்களேன்.

என் வயசுப் பசங்க நிறைய பேர் இப்போ தறியில இல்லை. காலையில ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ல ஏறிடுறாங்க. கூலி ஒரு காரணம்தான். ஆனா, பேரே இல்லாத வேலையில யாருக்கு ஒட்டுதல் வரும், சொல்லுங்க?

சரி, அட்வைஸ் போதும். நிஜமாவே வாங்கப் போறவங்களுக்கு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது:

வெளிநாட்டுல பார்த்த விலையை அப்படியே நம்பாதீங்க. சரக்குக் கட்டணம், சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் கூட்டினா தலை சுத்தும். லிமிடெட் எடிஷன்னா மொத்தம் எத்தனை, இது எத்தனையாவதுன்னு கேளுங்க. சீரியல் நம்பரும் சான்றிதழும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. விரல்பலகை நம்ம ஈட்டி மரமான்னு விசாரிங்க. 2017 ஜனவரியில சைட்டிஸ் ஒப்பந்தம் அந்த மரங்களுக்கு உலக அளவுல கட்டுப்பாடு போட்டப்போ, கிடார் எல்லை தாண்டவே பேப்பர் தேவைப்பட்டுச்சு. 2019 கடைசியிலதான் செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைச்சுது.

எல்லாத்துக்கும் மேல, கையில வாங்கி வாசிச்சுப் பாருங்க. வழக்கமான பேஸ்ல கம்பி நீளம் 34 அங்குலம். எல்லார் கையும் ஒத்துக்காது. 1842-ல ஆரம்பிச்ச மூஸீ மியூசிக்கல் சென்னை அண்ணா சாலையில இருக்கு. அங்க ஒரு நடை போயிட்டு வாங்க.

இன்னொரு விஷயம். பால் மெக்கார்ட்னி 1961-ல ஹாம்பர்க்ல சுமார் 30 பவுண்டுக்கு வாங்கின ஹாஃப்னர் பேஸ்தான் பீட்டில்ஸோட ஆரம்பப் பாட்டுகள்ல கேட்கிறது. 1972-ல லண்டன்ல ஒரு வேன்லேர்ந்து அதைத் திருடிட்டாங்க. அம்பது வருஷத்துக்கு மேல ஆகி, ஒரு வீட்டுப் பரண்லேர்ந்து கிடைச்சு, அவர் கைக்கே திரும்ப வந்துடுச்சுன்னு 2024-ல செய்தி. வாங்கினப்போ அது சிக்னேச்சரும் இல்லை, லிமிடெட்டும் இல்லை. கட்டுப்படியான விலையில கிடைச்ச ஒரு கிடார். அவ்வளவுதான். வாசிச்சு வாசிச்சுத்தான் அவர் கையெழுத்து அதுல விழுந்துச்சு.

அதனால நான் என்ன செஞ்சேன்னா, கோயில் திருவிழா லைட் மியூசிக்ல வாசிச்சுச் சேர்த்த காசுல, மார்கஸ் மில்லர் பேர்ல சையர் கம்பெனி விடுற பேஸ் ஒண்ணை செகண்ட் ஹாண்ட்ல வாங்கினேன். அதுவும் சிக்னேச்சர்தான். ஆனா லிமிடெட் இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாராவாரம் வேர்வையில நனையுது.

அதோட ஸ்ட்ராப் மட்டும் வேற எங்கயும் கிடைக்காது. அப்பா தறியில மிஞ்சின அரக்குச் சிவப்புக் கரைத் துண்டுக்குள்ள கேன்வாஸ் வச்சு, தெருமுனை டெய்லர் தைச்சுக் குடுத்தார். உள்பக்கம் அப்பாகிட்ட பேனா குடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்?"னு ரொம்ப நேரம் கூச்சப்பட்டார். அப்புறம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, நிறுத்தி நிதானமா, முழுப் பேரையும் எழுதினார். மொத்த எடிஷன்: 1.

விலை கேட்காதீங்க பாஸ்... விற்பனைக்கு இல்லை!