சேவைக்கு எதற்கு விருது?

கழக உறுப்பினர்களைப் பாராட்டும் விருதுக்கு விண்ணப்பிக்கும்படி எங்கள் லியோ கழகத்துக்குப் படிவம் வந்தது. செயலாளர் என்ற வகையில் அதை நிரப்பும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி, "நாங்கள் அல்லாஹ்வுக்காகத்தானே சேவை செய்கிறோம், விருது எதற்கு?" என்பதுதான்.

நியாயமான கேள்வி. முகஸ்துதி எவ்வளவு ஆபத்தானது என்பதை அஹதிய்யா வகுப்பிலேயே படித்தவர்கள் நாங்கள். ஆனால் மனிதருக்கு நன்றி செலுத்த வேண்டும் என்பதையும் அதே வகுப்பில்தான் படித்தோம். தன்னைத் தானே புகழ்வது வேறு. உழைத்தவளைப் பக்கத்தில் நின்றவள் இனங்கண்டு சொல்வது வேறு. விருதுக்கு ஒருவரைப் பிரேரிப்பது இரண்டாவது வகை.

எந்தச் செயற்றிட்டம், யார் என்ன செய்தார், எத்தனை மணித்தியாலம், யாருக்கு என்ன பயன் என்றெல்லாம் படிவம் கேட்டது. விடை தேடிப் பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். வரவேற்புரையும் நன்றியுரையும் நிகழ்த்தியவர்களின் பெயர்கள் இருந்தன. கதிரை அடுக்கியவர்களின் பெயர்கள் இல்லை. ஆகவே உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன்.

டெங்கு ஒழிப்புச் சிரமதானத்தில் வடிகான் ஓரத்துச் சிரட்டைகளைப் பொறுக்கியது யார்? இரத்ததான முகாமில் மாலை வரை நின்று தேநீர் பரிமாறியது யார்? இடைவேளையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது யார்? மூன்றுக்கும் ஒரே தங்கையின் பெயரைத்தான் சொன்னார்கள். தரம் 10 மாணவி. கூட்டங்களில் வாய் திறக்காதவள்.

அவளோ கழகத்திலிருந்து விலகும் யோசனையில் இருந்தாள். சாதாரணதரப் பரீட்சை நெருங்குகிறது, இதெல்லாம் எதற்கு என்று உம்மா கேட்கிறாவாம். பெற்றோர் கூட்டத்தன்று, நாங்கள் தொகுத்த பக்கத்தைப் பொறுப்பாசிரியை அந்த உம்மாவிடம் கொடுத்தார். நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார். "இவள் வீட்டில ஒண்டும் சொல்றதில்லையே ரீச்சர்" என்றார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அனுப்புவதாகச் சம்மதித்தார்.

விருது வேறொரு பாடசாலை மாணவிக்குக் கிடைத்தது. ஆனால் எங்கள் தங்கை கழகத்தில் இருக்கிறாள். இடைவேளை மணி அடித்ததும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அவளைத் தேடி வருகிறார்கள்.

லியோ இயக்கம் 1957 டிசம்பர் 5 ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அபிங்டன் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களோடு தொடங்கியது. அதே டிசம்பர் 5 ஐத்தான் ஐக்கிய நாடுகள் சபை 1985 இல் சர்வதேச தொண்டர் தினமாகப் பிரகடனம் செய்தது. லியோ, இன்டராக்ட், சாரணியம், முதலுதவிப் படை என எந்தக் கழகமானாலும், ஆண்டுக்கு ஒரு தடவை தன் உறுப்பினர்களின் உழைப்பைக் கணக்கெடுத்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

அதற்குச் செலவில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். திகதி, இடம், செய்த வேலை, செலவிட்ட நேரம், பொறுப்பாசிரியையின் கையொப்பம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். படிவம் வரும் நாளில் நினைவைத் துழாவ வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் தங்கைமாருக்கும் அது வழிகாட்டும். யாரைப் பிரேரிப்பது என்பதைத் தலைவியும் செயலாளரும் மட்டும் தீர்மானிக்காமல், உறுப்பினர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். பின்வரிசையில் இருப்பவளை அவளோடு வேலை செய்தவளுக்குத்தான் தெரியும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை சனிக்கிழமை களைத்து வீடு வந்தால், இன்று என்ன செய்தாய் என்று கேளுங்கள். கிண்ணம் எல்லோருக்கும் கிடைக்காது. அந்தக் கேள்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கலாம்.