பாதை அமைத்தோர்

பெருஞ்செயல் ஒன்று முற்றுப்பெறுங்கால், அதனை முன்னின்று நடத்தியவரை உலகம் போற்றுகிறது. அதன்பொருட்டு உடல் தேய உழைத்தவரை எளிதில் மறந்துவிடுகிறது. அமெரிக்க நாட்டினராகிய லேலண்டு ஸ்டான்போர்டின் வாழ்க்கை இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

ஸ்டான்போர்டு 1824ஆம் ஆண்டு நியூயார்க்கு மாநிலத்தில் பிறந்தார். சட்டம் பயின்று, விஸ்கான்சின் மாநிலத்தில் வழக்கறிஞராக விளங்கினார். 1852இல் அவருடைய அலுவலகமும் நூல்களும் தீக்கிரையாயின. ஆயினும் அவர் உள்ளம் தளர்ந்திலர். பொன் தேடுவோர் திரண்டிருந்த கலிபோர்னியாவுக்குச் சென்று, உடன்பிறந்தாரோடு வாணிகம் செய்து பொருளீட்டினார்.

1861இல் அவர் மத்திய பசிபிக் இருப்புப்பாதைக் குழுமத்தின் தலைவரானார். அவ்வாண்டுத் தேர்தலில் வென்று, 1862 சனவரியில் கலிபோர்னியாவின் ஆளுநராகவும் பொறுப்பேற்றார். பொதுப்பணத்தை நாடிய குழுமத்தின் தலைவரே மாநிலத்தின் தலைவருமாய் இருந்தார்!

பதவியேற்றபோது ஆற்றிய உரையில், அவர் சீன நாட்டாரைத் தாழ்ந்த இனத்தார் என இகழ்ந்தார். அவர்கள் குடியேறுவதைத் தடுத்தல் வேண்டும் என்றார். ஆனால், வானளாவிய சியரா நெவாடா மலைகளைக் கடந்து பாதை அமைக்கப் போதிய ஆட்கள் கிடைத்திலர். அப்பொழுது அவருடைய குழுமம் சீனத் தொழிலாளரையே நாடியது. பல்லாயிரவர் வந்தனர். கருங்கற்பாறைகளை வெடிமருந்திட்டுப் பிளந்தனர். கடும்பனிக் காலத்திலும் மலையைக் குடைந்தனர். வெடிவிபத்திலும் பனிச்சரிவிலும் மாண்டோர் பலர்.

1865இல் ஸ்டான்போர்டு, அத்தொழிலாளர் அமைதியும் பொறுமையும் உழைப்பும் உடையவர் என்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார். இகழ்ந்த நாவே புகழ்ந்தது. ஆயினும் வெள்ளையர்க்கு ஒப்பான கூலி அவர்க்குக் கிட்டவில்லை. 1867 சூன் திங்களில் அவர்கள் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். குழுமத்தார் உணவு செல்லாதவாறு தடுத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதனை முறியடித்தனர்.

1869 மே 10ஆம் நாள், யூட்டாவில் பிராமன்டரி என்னுமிடத்தில் கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து சென்ற பாதையும் இணைந்தன. ஸ்டான்போர்டு பொன்னாணி பதித்தார். பல திங்கள் பிடித்த பயணம் ஏறத்தாழ ஒரு வாரப் பயணமாகச் சுருங்கியது.

செல்வமும் புகழும் ஓங்கிய வேளையில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. 1884இல் அவருடைய ஒரே மைந்தன் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில் காய்ச்சலால் இறந்தான். அவனுக்கு அகவை பதினைந்தே. பெற்றோர் ஆறாத்துயருற்றனர்; பின்னர், கலிபோர்னியாவின் பிள்ளைகளையே தம் பிள்ளைகளாகக் கொள்ளத் துணிந்தனர். 1885இல் மைந்தன் பெயரால் பல்கலைக்கழகம் நிறுவினர். அவ்வாண்டே ஸ்டான்போர்டு செனட் சபை உறுப்பினரானார். 1891இல் திறக்கப்பட்ட அக்கழகத்தில் ஆடவரும் மகளிரும் ஒருங்கே பயின்றனர். தொடக்கத்தில் கல்விக் கட்டணமும் இல்லை. 1893இல் ஸ்டான்போர்டு மறைந்தார். பின்னர் வந்த பொருள் நெருக்கடியில், அவருடைய துணைவியார் ஜேன் அக்கழகத்தைக் கண்ணெனக் காத்தார்.

2012ஆம் ஆண்டு, அப்பல்கலைக்கழக அறிஞர்களே சீனத் தொழிலாளரின் வரலாற்றைத் தேடித் திரட்டும் பணியைத் தொடங்கினர். 2014இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் அத்தொழிலாளரைச் சிறப்பித்தது.

மாணவர்களே, ஒருவர் செய்த கொடையைப் போற்றுமிடத்து அவர் இழைத்த குறையை மறைத்தல் ஆகாது. குறையைக் காணுமிடத்துக் கொடையை மறுத்தலும் ஆகாது. இவ்விரண்டையும் நடுநின்று காண்பதற்கே கல்வி வேண்டும். ஸ்டான்போர்டு அமைத்த கல்விக்கூடமே அவர் மறந்த உழைப்பாளரை உலகிற்கு நினைவூட்டியது.