பூட்டிய வீடும் திறந்த வாசலும்

வாழ்வார் இல்லாத வீடு மழையும் கறையானும் பங்கிட்டுக்கொள்ளும் சொத்தாகும். செட்டிநாட்டுத் தெருக்களில் நடப்பார் எவரும் இதனைக் கண்கூடாகக் காணலாம். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் ஈட்டிய பொருளால் எழுந்த பெருவீடுகள் அவை. 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபின் வருவாய் குன்றியது. குடும்பங்கள் பிழைப்பு நாடி நகரங்களுக்குப் பெயர்ந்தன. வீடுகளுக்குப் பூட்டே காவலாயிற்று.

எங்கள் பாட்டனார் கட்டிய வீடும் அத்தகையதே. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தளக்கற்கள், முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என யாவும் உண்டு. உரிமையுடைய பங்காளிகள் பதினொருவர். படைப்புக்குக் கூடும்போதெல்லாம், ஓடு மாற்றும் செலவை ஏற்பவர் யார் என்னும் வழக்கோடு கலைவோம். தூண்களை மட்டும் விலைக்குக் கேட்டு ஒரு வணிகர் வந்தபோதுதான் உடன்பிறந்தார் மூவரும் விழித்துக்கொண்டோம். திருமணம், குடும்ப விழா, திரைப்படப் படப்பிடிப்பு ஆகியவற்றுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடலாம் என்று பங்காளிகளிடம் கூறினோம்.

பெரியப்பா சினந்தார். "இந்த வளவில் ஊரார் திருமணங்கள் எத்தனையோ நடந்திருக்கின்றன. ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. விருந்துக்கு விலை வைப்பதா?" என்றார். அக்கேள்வி எங்களைத் தைத்தது. ஆயினும் விற்ற தூண் மீளாது. வாடகைக்கு விட்ட வீடு மறுநாள் நம்மிடமே இருக்கும். இறுதியில் அனைவரும் இசைந்தனர்.

தொழில் என்று வந்தபின் ஆசை மட்டும் போதாது. பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்கு உரிமம் வழங்குவதற்கென 1965ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று உள்ளது, அதன்வழி நடந்தோம். வீட்டு மின் இணைப்பை வணிகக் கட்டண இணைப்பாக மாற்றினோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினோம். தூணில் ஆணி அடித்தலாகாது. தோரணங்களைக் கயிற்றால் கட்டுதல் வேண்டும். அடுப்பு பின்கட்டுக்கு வெளியே கொட்டகையில்தான் எரிதல் வேண்டும். முதலாண்டு வருவாய் முழுவதும் கழிப்பறைகளுக்கும் ஓட்டுக்குமே சென்றது. எங்கள் கைக்கு ஒரு காசும் வரவில்லை. ஆனால் அவ்வாண்டு மழை வீட்டுக்குள்ளும் வரவில்லை.

பெரியப்பாவின் கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. ஆதலின் ஊரில் குடியிருப்போர் மின்சாரச் செலவும் துப்புரவுக் கூலியும் மட்டும் தந்தால் போதும் என்று முடிவு செய்தோம். அம்முடிவை அறிந்து முதலில் வந்தவர் எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்த முதியவர். மகளின் திருமணத்துக்கு வீடு கேட்டார். பேசுகையில், "ஐயா, இத்தனை ஆண்டுகளில் முகப்பைத் தாண்டி உள்ளே வந்ததில்லை" என்றார். பெரியப்பா தலை கவிழ்ந்தார்.

காசு வாங்காது திறந்திருந்த அந்நாளைய வாசல் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். வாடகைச் சீட்டு குலம் கேட்பதில்லை. நாளையும் தொகையையும் மட்டுமே கேட்கிறது. அத்திருமணத்தில் வளவு முழுதும் இலை விரிந்தது. மணமக்களை வாழ்த்த முதலில் எழுந்தவர் பெரியப்பாவே.

பயிலும் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். உங்கள் ஊரிலும் பூட்டிய வீடோ தென்னந்தோப்போ பயனற்றுக் கிடக்கலாம். அதனைத் தொழிலாக்க விழைவோர் பங்காளிகளின் இசைவை முதலில் எழுத்தில் பெறுக. வரவையும் செலவையும் அனைவரும் காணுமாறு ஒரே ஏட்டில் எழுதுக. அண்டை வீட்டார் உறக்கத்தை மதித்திடுக. வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்று எண்ணுமுன், இவ்வாசலுக்கு வெளியே இதுவரை நின்றவர் யாவர் என்று எண்ணிப் பார்த்திடுக. தொழிலும் தழைக்கும், வீடும் நிலைக்கும்.