கொழுந்து பறிக்கும் தகரக் கைகள்

இராகலையில் இருக்கும் அக்காவின் மகன், தகரத்திலும் கம்பியிலும் ஒரு பெண்ணுருவம் செய்திருக்கிறான். முதுகில் கூடை. கைகள் அசைந்து கொழுந்து பறிக்க வேண்டும். "எந்த மோட்டார் பூட்டலாம், மாமா?" என்று தொலைபேசியில் கேட்டான்.

விளையாட்டுக் காரின் மோட்டார் மலிவு. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள். பளு ஏறினால் திணறும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகத்தோடு வலுவும் குறையும். பற்சக்கரங்களோ வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார், நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுடன் வெசாக் கூட்டுக்குப் பொருந்தும். ஆயினும் அவற்றுட் பல 230 வோல்ட்டில் இயங்குபவை; சிறுவர் கைக்கு ஆகா. பற்சக்கரம் பூட்டிய 12 வோல்ட் மோட்டாரே ஏற்றது. 30 சுற்றென்றால் இரண்டு விநாடிக்கு ஒரு பறிப்பு. 60 என்றால் விநாடிக்கு ஒன்று.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் இயந்திரப் பொறியியல் கற்றவர். 1930களின் தொடக்கத்தில் மோட்டார் பூட்டிய சிற்பங்கள் செய்தார். பின்னர் பெரும்பாலும் காற்றிடமே அசைவை ஒப்படைத்தார். மோட்டாரின் அசைவு ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப வருவதே காரணம்.

நம் பெண்ணுக்கோ அந்த ஒரே விதமான அசைவுதான் வாழ்க்கை. நிறை குறைந்தால் அரைப்பேர் என்று கணக்கெழுதும் மலையில், அவள் கை மெதுவாக அசைந்தால் பொய். மிக விரைந்தால் கேலி.

"கடைக்குப் போகுமுன் பாட்டியிடம் போ. பறித்துக் காட்டச் சொல்லி, கடிகாரம் பார்த்து எண்ணு" என்றேன்.

எண்பதைத் தாண்டிய அம்மாவின் கைகள் இன்னும் மறந்திருக்கமாட்டா.